நொண்டி நடைக்கு முதல் பரிசு

கருமடுக் காட்டில் கடமான்கள் கூட்டமாக வாழ்ந்துவந்தன. காட்டின் நடுவே ஒரு புல்வெளி. அதன் மேல்கோடியில் ஒரு பெரிய பாறை. கீழ்க்கோடியில் கருமடு என்ற ஆழமான குளம். பாறைக்கும் குளத்துக்கும் நடுவில், எட்டி வைத்து நடந்தால், நூறு எட்டு தூரம் இருக்கும். இந்த நூறு எட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கே செந்நாய்கள் படையெடுத்து வந்தன. மூன்று நாள் சண்டை நடந்தது. கடைசியில் மான்கள்தான் ஜெயித்தன. செந்நாய்கள் மலைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போயின. அந்தச் சண்டையில் நின்றவர்களில் இப்போது உயிரோடு இருப்பது இரண்டே பேர். ஒருத்தி சடைச்சி என்ற கிழட்டுப் பெண்மான். செந்நாய் கடித்த பின்னங்காலை இழுத்து இழுத்து நடப்பாள். இன்னொருவன் மாடன் என்ற கிழட்டு ஆண்மான். அவனுக்கு ஒரு காது பாதிதான் உண்டு.

வருஷா வருஷம் அந்த வெற்றிக்கு விழா எடுப்பார்கள். விழாவை நடத்துவது வாய்மணி என்ற குரங்கு. போர் நடந்தபோது அவன் இந்தக் காட்டிலேயே இல்லை. அதற்காகப் பேசாமல் இருக்க முடியுமா? பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி பேசுவான்.

கிழடுகள் இரண்டையும் பாறைமேல் ஏற்றுவார்கள். கழுத்து தெரியாத அளவுக்குக் கொடிமாலை போடுவார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. முயல் பேசும், முள்ளம்பன்றி பேசும், விழாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஆமைகூட பேசும். எல்லாம் முடியும்போது வெயில் சாய்ந்திருக்கும். அப்போது வாய்மணி தொண்டையைக் கனைப்பான்.

“நிறைவாக நம் வீரத்தாய் சடைச்சி அவர்கள் ஏற்புரை வழங்குவதாக இருந்தது. காலத்தின் அருமை கருதி, அவர்கள் பேசியதாகவே எடுத்துக்கொள்வோம்.”

எல்லாரும் கைதட்டுவதற்குப் பதிலாகக் குளம்பைத் தட்டுவார்கள். விழா முடிந்தது. இப்படியே ஒன்பது வருஷம் போயிற்று.

மாடனுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. பேச்சு ஆரம்பித்ததுமே அவன் தன் கழுத்து மாலையைத் தின்ன ஆரம்பித்துவிடுவான். தன்னுடையது தீர்ந்ததும் சடைச்சியின் மாலை.

“ஏம்ல, மரியாதைக்குப் போட்டதைத் தின்னுட்டு இருக்கியே” என்பாள் சடைச்சி.

“வேற எதுக்கு ஆகும் இது? மூணாவது வாழ்த்துரைக்குள்ள வாடிப்போயிரும்” என்பான் மாடன்.

விழாவில் நாடகமும் உண்டு. உண்மையில் அந்தச் சண்டை நடந்தது குளத்துக்குள். மூன்று நாள், மார்பளவு தண்ணீரில், குளிரில் விறைத்துக்கொண்டு நின்றார்கள். நீந்திவந்த செந்நாய்களை உதைத்தார்கள். அவ்வளவுதான் போர். ஆனால் தண்ணீருக்குள் சும்மா நிற்பதை யார் உட்கார்ந்து பார்ப்பது? அதனால் வாய்மணி போரைப் பாறைமேல் ஏற்றிவிட்டான். அங்கே துள்ளலாம், பாயலாம், வசனம் பேசலாம். குளத்தை என்ன செய்வது? அதைப் புனிதக் குளம் என்று அறிவித்துவிட்டான். தண்ணீர் குடிக்கக்கூடக் கரையில் மண்டியிட்டுத்தான் குடிக்க வேண்டும். கால் வைக்கக்கூடாது. காவலுக்குத் தடியன்களாக இரண்டு ஆண்மான்களை நிறுத்தினான். பத்து வருஷத்தில் பிறந்த ஒரு குட்டிக்குக்கூட அந்தக் குளத்தின் அடியில் பாறை எங்கே, சேறு எங்கே என்று தெரியாது.

இளசுகளுக்குத் தலைவன் கொம்பழகன். பெயருக்கேற்ற கொம்பு. விழா நாளில் அதில் பூங்கொடியெல்லாம் சுற்றிக்கொண்டு வருவான். தங்கள் வீரர்களிடமிருந்து எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு நிஜமாகவே ஆசை இருந்தது. குற்றம் சொல்லக்கூடாது. கற்றும்கொண்டான். என்ன கற்றுக்கொண்டான் தெரியுமா? நொண்டுவதற்கு.

சடைச்சி இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்தான். ஆகா, இதுதான் வீர நடை என்று நினைத்துக்கொண்டான். அவன் நொண்டினான். அவனைப் பார்த்து அவன் கூட்டாளிகள் நொண்டினார்கள். ஆண் மான்கள் நொண்டியதைப் பார்த்துப் பெண் மான்களும் நொண்டின. நேராக நடந்தவனை, ‘போர் உணர்வு இல்லாத பயல்’ என்று ஏசினார்கள். சில பேர் முள்ளில் காதைக் கொடுத்துக் கிழித்துக்கொண்டார்கள், மாடன் மாதிரி இருக்க வேண்டுமாம். கடைசியில் விழாவில் நொண்டி நடைப் போட்டியே வைத்துவிட்டார்கள். தும்பன் என்ற இளைஞன் இரண்டு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு. அவன் நொண்டினால் பார்க்கிறவர்களுக்கே கால் வலிக்கும்.

ஒருநாள் சடைச்சி அவனை வழிமறித்தாள்.

“ஏலே தும்பா, எனக்குக் கால் வலிக்கு. மழை வந்தா உயிர் போகுது. உனக்கு என்னல கேடு?”

தும்பன் உருகிப்போனான். வீரத்தாய் தன்னிடம் வாய்திறந்து பேசிவிட்டாளே! “உங்க ஆசீர்வாதம்தான் அம்மா” என்று சொல்லிவிட்டு, இன்னும் நன்றாக நொண்டிக்கொண்டு போனான். சடைச்சி அவன் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

பத்தாவது வருஷ விழா வந்தது. அது பெரிய விழா. மயிலி என்ற பெண்மானின் குட்டி சிட்டு, பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது, குட்டிகளுக்கான நொண்டி நடைப் போட்டியில் கலந்துகொண்டது. நடக்கப் பழகின நாளிலிருந்தே கொம்பழகன் மாமாவிடம் பயிற்சி. முதல் பரிசும் அதற்குத்தான். மயிலிக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தின வருஷம் பிறந்த குட்டியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். இது ஒன்றுதான் மிச்சம்.

அதே நேரம், மலை விளிம்பில் இருபது செந்நாய்கள் படுத்துக்கொண்டு போட்டிக்குப் பிறகு நடந்த நொண்டி அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் மழை இல்லை, இரை இல்லை. பசி கிளப்பிக் கொண்டுவந்துவிட்டது. கூட்டத்துக்குத் தலைவன் கூர்வாயன் என்ற இளம் செந்நாய். அவன் பக்கத்தில் ஒரு கிழட்டுச் செந்நாய். அதன் தாடை ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தது.

கூர்வாயன் கிழட்டு நாயிடம் கேட்டான். “பெரியவரே, அன்னைக்கு நீங்க எங்க தோத்தீங்க?”

கவனித்தீர்களா? ஜெயித்தவர்களிடம் பத்து வருஷமாக ஒருவரும் ‘எப்படி’ என்று கேட்கவில்லை. தோற்றவன் வீட்டில் முதல் கேள்வியே அதுதான்.

“தண்ணிக்குள்ள தோத்தோம்” என்றது கோணல் தாடை. “நமக்கு நீச்சல், அதுகளுக்கு நிலை. என் தாடையை உடைச்சது அங்க நின்ன ஒருத்தியோட காலு. குளத்துப் பக்கம் போகவிடாதே. எறங்கிட்டா விட்டுட்டு வந்துரு, வீம்பு பண்ணாதே. அப்புறம், எப்பவும் போல நொண்டுறதாப் பார்த்துப் பிடி.”

“எல்லாமே நொண்டுதே பெரியவரே!”

கிழட்டு நாய் கண்ணை இடுக்கிப் பார்த்தது. குட்டி முதல் தலைவன் வரை ஒன்று விடாமல் காலை இழுத்துக்கொண்டு வரிசையாகப் போகிறது. “எனக்கும் விளங்கலப்பா. ஏதோ தொத்து நோய் போலிருக்கு” என்றது.

“அப்போ நமக்கு விருந்துதான்” என்றான் கூர்வாயன். இருபதும் எழுந்தன.

இங்கே பாறைமேல் ஆமை பேசி முடித்திருந்தது. மாடன் தன் மாலையைத் தின்றுவிட்டுச் சடைச்சியின் மாலையில் பாதியில் இருந்தான். சட்டென்று மெல்லுவதை நிறுத்தினான். காற்றை முகர்ந்தான். சடைச்சியும் முகர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மரத்து உச்சியில் இருந்து நாய் வருவதைக் கண்டு கத்துவது குரங்கின் வேலை. காடு தோன்றின நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. ஆனால் வாய்மணி இப்போது மரத்திலா இருக்கிறான்? மேடையில் இருக்கிறான்.

“ஏலே குரங்கு, நான் பேசணும்” என்றாள் சடைச்சி.

வாய்மணி திகைத்தான். பத்து வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை. “அம்மா, காலத்தின் அருமை...” என்று இழுத்தான். சடைச்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். “சரி, ரெண்டே ரெண்டு வார்த்தை” என்றான்.

சடைச்சி பாறை விளிம்புக்கு வந்தாள். “செந்நாய் வருது. குளத்துக்கு ஓடுங்க” என்று கத்தினாள்.

கூட்டம் மொத்தமும் நிமிர்ந்து கேட்டது. அப்புறம் குளம்பொலி பாருங்கள், அதிர்ந்தது. “சுருக்கமாக, ஆனால் என்ன உணர்ச்சி!” என்றது முள்ளம்பன்றி. “அந்த நாளையே கண்முன் கொண்டுவந்துவிட்டார்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் வாய்மணி. ஒருவரும் நகரவில்லை.

அப்போதுதான் மலைப்பக்கம் சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சத்தம். இளசுகள் அதைக் கேட்டதே இல்லை. நாடகத்தில் செந்நாய் ‘லொள் லொள்’ என்றுதான் குரைக்கும். இருபதும் புல்வெளிக்குள் பாய்ந்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

“பாறைமேல ஏறுங்க! வீரர்களே, பாறைமேல!” என்று கொம்பழகன் கத்தினான். பாவம், நாடகத்தில் அவன் அப்படித்தான் ஜெயிப்பான். பாதிக் கூட்டம் பாறைக்கு ஓடியது. வாய்மணி எல்லாருக்கும் முன்னால் மரமேறிவிட்டான்.

முதலில் விழுந்தது தும்பன். அவனுக்கு நாலு காலும் நல்ல கால். ஓடியிருந்தால் ஒரு நாயும் பிடித்திருக்காது. ஆனால் மூன்று வருஷமாக இழுத்து நடந்த கால், அவசரத்துக்கு ஓட மறந்துவிட்டது, இழுத்தது. செந்நாய்க்கு வேறென்ன வேண்டும்? ஏழெட்டு நாய்கள் அவன்மேல் ஏறின. அவன் இரண்டு தரம் அம்மாவைக் கூப்பிட்டான். பிறகு சத்தம் இல்லை.

மயிலியும் சிட்டுவும் புல்வெளி நடுவே மாட்டிக்கொண்டார்கள். குளத்துக்குப் போகும் வழியில் மூன்று செந்நாய்கள் பரவி நின்றன. கோணல் தாடை சொல்லி அனுப்பிய நாய்கள். அவை பாயவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு நின்றன, எந்தக் கால் இழுக்கிறது என்று. சிட்டு நொண்டியது.

அப்போது பாறையிலிருந்து சடைச்சி இறங்கி வந்தாள். வந்த விதம்தான் அதிசயம். நேராக வந்தாள். இழுவை இல்லை, தடுமாற்றம் இல்லை. கடிபட்ட காலை மற்ற மூன்று கால் மாதிரியே ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி நடந்து வந்தாள். பத்து வருஷத்தில் ஒருவரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“ஓடாதே மயிலி” என்றாள் மெதுவாக. “ஓடுனா துரத்தும். என் பக்கத்துல நட. ஏ குட்டி, காலை ஒழுங்கா ஊணி நட.”

சிட்டு இரண்டு எட்டு வைத்தது. மறுபடியும் நொண்டியது. ஒரு நாய் காதை விடைத்தது.

“ஒழுங்கா நடன்னு சொன்னேன்ல.”

“வர மாட்டேங்குது ஆச்சி” என்று சிட்டு அழுதது. “எனக்கு இப்படித்தான் நடக்கத் தெரியும்.”

மயிலி குட்டியின் காலையே பார்த்தாள். இந்த நடைக்குத்தானே காலையில் பூரித்துப்போய் நின்றோம் என்று நினைத்தாள். பாவி, நானே என் பிள்ளையை நாய்க்குப் பழக்கியிருக்கிறேனே என்று அவளுக்குக் குமுறியது.

சடைச்சி குட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. கண் நாய்மேல் இருந்தது. “உனக்கு எந்தக் காலு வலி?”

“ஒண்ணும் வலிக்கல.”

“எனக்கு இந்தக் காலு வலிக்கு. எலும்புக்குள்ள தீ வச்ச மாதிரி இருக்கு. பாரு, ஊணுதேன். நான் ஊணும்போது நீயும் ஊணு.”

சிட்டு அந்தக் காலைப் பார்த்தது. அந்தக் கால் தரையில் பட்டபோது தன் காலையும் வைத்தது. மறுபடி பட்டது, மறுபடி வைத்தது. மூன்று பேரும் நாய்களுக்கு நடுவில், மேய்ச்சலுக்குப் போகிறவர்கள் மாதிரி, அவசரமில்லாமல் நடந்தார்கள். நாய்கள் பார்த்தன. எந்தக் காலும் இழுக்கவில்லை. மூன்று நாயும் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தன. அங்கே நொண்டிக்குப் பஞ்சமில்லை. அங்கே ஓடின.

கரையில் காவல் தடியன் குறுக்கே நின்றான். “இது புனிதக் குளம். விழாக் குழு அனுமதி இல்லாம...”

சடைச்சி தலையால் ஒரு முட்டு முட்டினாள். தடியன் குளத்தில் விழுந்தான். “அனுமதி வாங்கியாச்சு, எறங்கு மயிலி. அந்தக் கரை நாவல் மரத்துக்கு இடப்பக்கமா எறங்கு, அங்கதான் அடியில பாறை. வலப்பக்கம் சேறு, போனா வர முடியாது” என்றாள்.

மற்றவர்கள் அதைப் பார்த்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, ஆனாலும் ஒவ்வொருவராகக் குளத்துக்கு ஓடிவந்தார்கள். சடைச்சி அவர்களை நிறுத்தினாள். குட்டிகள் நடுவில், பாறை மேடாக இருந்த இடத்தில். பெரியவர்கள் சுற்றி, முதுகு உள்ளே, முகம் வெளியே. மார்பளவு தண்ணீர்.

பாறை அடியில் கொம்பழகன் முள்மரத்தில் சிக்கியிருந்தான். கொம்பில் சுற்றின அலங்காரக் கொடி முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஒரு செந்நாய் அவன் பின்னங்காலைக் கவ்வியிருந்தது. அந்த நாயை மாடன் உதைத்துத் தள்ளினான். பிறகு நிதானமாகக் கொடியை மென்று அறுக்க ஆரம்பித்தான். பத்து வருஷமாக மேடையில் உட்கார்ந்து மாலை தின்ற வாய். அந்த வேகம் வேறு யாருக்கும் வராது. கொடி அறுந்தது. இரண்டு பேரும் தண்ணீருக்குள் வந்து விழுந்தார்கள்.

செந்நாய்கள் நீந்தி வந்தன. சடைச்சி உதைத்தாள். மயிலி உதைத்தாள். முட்டு வாங்கின காவல் தடியன்கூட உதைத்தான். இருட்டும்வரை இதுதான் நடந்தது. துள்ளல் இல்லை, பாய்ச்சல் இல்லை, வசனம் இல்லை. பல் கிட்டிக்கொள்ளும் குளிர் மட்டும்தான். கடைசியில் கரையிலிருந்து கோணல் தாடை கூப்பிட்டது. “வாங்கடா, எறங்கிட்டா முடிஞ்சுதுன்னு சொன்னேன்ல.” செந்நாய்கள் பெரியவர் சொல்லைத் தட்டவில்லை. தும்பனை இழுத்துக்கொண்டு மலையேறிப் போய்விட்டன.

தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் சடைச்சி மறுபடியும் நொண்டினாள். முன்னைவிட மோசமாக. “தும்பன் பய நல்ல பய. ஒரு தடவை உட்காரவச்சு ரெண்டு அறை அறைஞ்சாவது சொல்லியிருக்கணும்” என்று அழுதாள். மாடன் அவள் கழுத்தை நக்கிக்கொடுத்தான்.

இத்தோடு எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அடுத்த வருஷமும் விழா நடந்தது. வாய்மணி மரத்திலிருந்து இறங்கி மேடை ஏறினான். போரை இந்த முறை மரத்து உச்சியிலிருந்து நேரிலேயே பார்த்தானே, இருமடங்கு பேசினான். தும்பனுக்கு வீரவணக்கம் செலுத்தினான். கொம்பழகனுக்குக் கழுத்து தெரியாமல் மாலை போட்டார்கள். அவன் இப்போது நிஜமாகவே நொண்டுகிறவன்.

கொம்பழகன் கீழே பார்த்தான். புதிதாகக் கொம்பு முளைத்த நாலைந்து பயல்கள் அவன் மாதிரியே காலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து, “நான் ஒன்று சொல்ல வேண்டும்” என்றான்.

“காலத்தின் அருமை கருதி” என்றான் வாய்மணி.

கொம்பழகன் அவனோடு மல்லுக்கட்டவில்லை. மாலையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த மாடனிடம் கொடுத்தான். மாடன் தின்ன ஆரம்பித்தான். கொம்பழகன் மேடையை விட்டு இறங்கி, அந்தப் பயல்களைக் கொம்பால் நெட்டித் தள்ளிக்கொண்டு புல்வெளியைக் கடந்து போனான். அந்த நூறு எட்டையும், வலியைப் பல்லைக் கடித்து அடக்கி, நேராக நடந்தான்.

குளத்தில் சடைச்சி மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அந்த வருஷம் மேடைக்கே போகவில்லை. சுற்றிலும் குட்டிகள். சிட்டு நடுவில் நின்று, “நாவல் மரத்துக்கு இடப்பக்கம்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. “ரொம்பக் குளிருது ஆச்சி, எவ்வளவு நேரம் நிக்கணும்?” என்றது இன்னொரு குட்டி.

“நாய் போற வரைக்கும்” என்றாள் சடைச்சி. “வாங்கல, எறங்குங்க. எவனாவது நொண்டுனீங்க, நிஜமாவே நொண்டவச்சிருவேன்.”

பயல்கள் இறங்கினார்கள். பாறைமேல் ஆமை வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தது.

போரில் நின்று திரும்பி வந்தவர்களிடம் இளையவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்கள் பட்ட காயத்தை அல்ல, அந்தக் காயத்தோடு பிழைத்துவந்த விதத்தை; அதற்கு அவர்களுக்கு மாலை போட வேண்டாம், அவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்டால் போதும்.